கடைசி மேட்டில் மூன்று விநாடி

இறக்கத்து வளைவில் சிக்னேயின் கை சக்கரத்தைத் தேடியது.

பனியில் ஏது சக்கரம்? இருபது வருடப் பழக்கதோஷம். கூடைப்பந்து, டென்னிஸ், ஓட்டப்பந்தயம் என்று சக்கர நாற்காலியிலேயே மூன்று ஆட்டங்களில் நார்வேக்காக இறங்கியவள், வேகத்தைக் கண்டதும் தன்னை மறந்து கையைக் கீழே விட்டுவிட்டாள். சறுக்குப் பலகைமேல் பொருத்திய அவள் இருக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, எப்படியோ நிமிர்ந்தது.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கடைசி மேட்டின் ஓரத்தில் நான் காத்திருந்தேன். கையுறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அரை நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்பும் பந்தயம் இது. போகிறவருக்குத் தான் எத்தனாவது என்று தெரியாது. பாதையோரம் இருக்கும் சொந்த ஆள் கத்திச் சொன்னால்தான் உண்டு. சிக்னேயின் அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நார்வேயின் பனிச்சறுக்கு அணியில் மிச்சம் ஒரே ஒரு இடம். இன்று முதலில் வருபவருக்கு அது. சிக்னேதான் கடைசியாகக் கிளம்பியவள். வயது நாற்பத்தொன்று. பனிக்கு வந்தபோது, “அடுத்தது சதுரங்கமா?” என்று கிளப்பில் கிண்டலடிக்காத ஆளில்லை. நானும்தான்.

மேட்டுக்கு வந்துவிட்டாள். முதலிடத்து ஆள் இந்த மேட்டுக்கு வர எடுத்த நேரம் என் கைக்கடிகாரத்தில் இருந்தது. பார்த்தேன்.

“மூணு செகண்ட் பின்னாடிடி! தோள் கழண்டாலும் பரவால்ல, இழு! இழுடி!”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோல்களை ஊன்றினாள். ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஓர் உறுமல். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே பின்னால் போனேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பனியில் சரிந்தாள். பனிப் பந்தய வழக்கப்படி கூட்டம் மாட்டுமணிகளை ஆட்டி ஊரைக் கூட்டியது.

“ஜெயிச்சிட்டேனா? யாரோட நேரம்டி அது? பேரையும் சேத்துத்தானே கத்துவாங்க!” மூச்சு வாங்கச் சிரித்தாள்.

பெயரைச் சொல்லியிருந்தால் அவள் கை தளர்ந்திருக்கும். முடிவுப் பலகையைக் காட்டினேன்.

மேலே அவள் பெயர். ஒரு விநாடி வித்தியாசத்தில், அதற்கடுத்து என்னுடையது.