யார் பெற்ற பிள்ளை?

"அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அவன் யாரு பெத்த பிள்ளைன்னு தெரிஞ்சிட்டு வா, கல்யாணத்தை நானே முன்னால நின்னு நடத்துறேன்னுட்டாரு. இறங்குங்க" என்றாள் சௌம்யா, கொடைக்கானல் குழந்தைகள் இல்லத்தின் வாசலில் ஜீப்பை நிறுத்தியபடி.

குகன் இறங்காமல் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான். இந்த இல்லத்தில்தான் அவன் வளர்ந்தான். தோட்டக்கலைத் துறையில் வேலை வாங்கி, பூண்டுக்குப் பேர்போன மலையூர் பூண்டி விவசாயிகளுக்கே வெள்ளைப்பூண்டு பயிரிடப் பாடம் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டான். ஆனால் தன்னைப் பெற்றவர்கள் யார் என்று இந்த இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட இங்கே கேட்டதில்லை. வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனார்கள் என்று பதில் வந்துவிட்டால்? அந்த பயம்தான்.

சௌம்யாவுக்கும் அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. ஜமீன் எல்லாம் ஒழிந்து எவ்வளவோ காலமாகிறது. பழனி அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பும், ஊர் இன்னும் அரண்மனை என்று சொல்கிற பழைய வீடும்தான் மிச்சம். சாதி கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை, இதை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார் சுப்புராஜ். அம்மா சுந்தராம்பாள் மகளுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டுமே, அதுவும் இல்லை. ஜமீன் ரத்தம் லேசில் விடுமா என்று சௌம்யா பல்லைக் கடித்தாள்.

பிள்ளையே நேரில் வந்து கேட்டால்தான் சொல்வது என்பது இல்லத்தின் வழக்கம். பொறுப்பில் இருந்த அருள்மேரி பழைய பீரோவைத் திறந்து, அரக்கு வைத்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குகனின் அம்மா பெயர் ஜென்சி என்றும், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் என்றும், பிரசவமான எட்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார் என்றும் அதன் மேலேயே எழுதியிருந்தது.

இருவரும் வெளியே ஓடிவந்து மரத்தடியில் நின்று கவரைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு போட்டோவும் திருமணப் பதிவுச் சான்றும் இருந்தன. சான்றைச் சௌம்யா வாங்கி உரக்க வாசித்தாள். மாப்பிள்ளை பெயர் ராஜமுருகன். தகப்பனார் பெயரை வாசிக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். அது அவளுடைய தாத்தாவின் பெயர்.

ராஜமுருகன் அவளுடைய பெரியப்பா. அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பே மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து கல்யாணமாகாமலே செத்துப்போனார் என்று வீட்டில் சொல்லி வந்தார்கள்.

குகன் இதையெல்லாம் உடனே யோசிக்கவில்லை. போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு முகங்களையும் தடவித் தடவிப் பார்த்தான். "என்னை யாரும் தூக்கிப் போடலை சௌம்யா. கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிப் பெத்திருக்காங்க" என்றான். அரண்மனையில் பாதி தனக்கா என்றுகூடக் கேட்டுச் சிரித்தான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"எங்க அத்தை மகனாப் பொறந்திருக்கக் கூடாதா நீங்க?" என்றாள் சௌம்யா. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெரியப்பா மகன் என்றால் அண்ணன். பங்காளி வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? இருவரும் ஜீப்பில் மலை இறங்கினார்கள். அடிவாரம் நெருங்கும்போது, இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டான் குகன். கிழித்தால் முறை மாறிவிடுமா என்று திருப்பிக் கேட்டாள் அவள்.

அரண்மனைக் கூடத்தில் சுப்புராஜ் கவர் மேல் எழுதியிருந்ததையும் சான்றையும் இரண்டு தடவை உரக்கப் படித்தார். போட்டோவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் குகனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"ஏலே, என் அண்ணன் மவனா நீ? இத்தனை வருசமா மேல மலையிலேயா கெடந்த?"

மீசைக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சமையல்காரரைக் கூப்பிட்டார், தோட்டக்காரரைக் கூப்பிட்டார், எல்லோரிடமும் அண்ணன் மகனைக் காட்டினார். தோப்பில் பாதி உன்னுடையது என்று சொல்லி, இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"சுந்தரம், வெரசா ஜோசியருக்குப் போன் போடு. வர்ற தையிலேயே முகூர்த்தம் வச்சிருவோம்."

"யாருக்குப்பா முகூர்த்தம்? இவரு எனக்கு அண்ணன் முறைப்பா" என்றாள் சௌம்யா.

சுப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார். தலையைக் குனிந்துகொண்டார். சுந்தராம்பாள்தான் மகளின் அருகே வந்து, அவள் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

"அண்ணன் இல்ல தாயி. எங்களுக்குப் பிள்ளை இல்லைன்னு, யாரு பெத்ததுன்னே தெரியாத உன்னை அதே இல்லத்துல இருந்துதான் தூக்கிட்டு வந்தோம். இவனும் அங்க வளந்தவன்னு கேட்டதும், ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைகளா இருந்திரக் கூடாதேன்னுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டாரு. இவன் அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்து மூணு வருசம் கழிச்சுப் பொறந்தவ நீ, இனிப் பயமில்லை. இவன்தான் இந்த வீட்டுப் பிள்ளை, நீ மருமக" என்றாள். "இன்னையிலருந்து என்னை அம்மான்னு கூப்பிடாத. அத்தைன்னு கூப்பிடு."