சாவி வந்த வழி

சிறுமலைப் பக்கமிருந்து வந்த மழை ஓட்டு விளிம்பில் கயிறாய் இறங்குகிறது. பூட்டிய கதவோரம், தூங்கும் பிள்ளையை முக்காட்டுக்குள் பொத்திக்கொண்டு ஜெய்தூன் பீவி நனைகிறாள். தெருவில், எதிர்வீட்டுத் தமிழ் வாத்தியாரின் குடைக்குள் அவள் கணவன் சனாவுல்லா சொட்டு நனையாமல் நிற்கிறான். வீட்டுச் சாவி அவன் விரலில் ஆடுகிறது. வழக்கே அதைப் பற்றித்தான்.

"சாவிங்கிறது போர்த்துக்கீசியன் சொல்லு பாய். திறவுகோல்னு சொல்லுங்க."

"உருதுல சாபி, வாத்தியாரே. அதுலேர்ந்து வந்ததுதான்."

"எங்கேர்ந்து வந்தா என்னங்க? பிள்ளை நனையுது, கதவத் தொறங்க!"

"செத்த நேரம் இரு" என்று அவன் கை மட்டும் அசைகிறது.

மழையில் இறங்கிப் போய் அந்தக் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி வருகிறாள். திறந்து உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்துகிறாள்.

"வாத்தியாரே, தாழ்ப்பா நல்ல தமிழ்தானே?"

பதிலுக்குக் காத்திராமல் அதை இழுத்துப் போடுகிறாள்.