வாய் திறக்காத வீடு

"வெள்ளிக்கிழமை எங்க கப்பல் கரைக்கு வருதுப்பா. தேதி ஆன்லைன்ல கசிஞ்சா எல்லாருக்கும் ஆபத்து" என்று கடற்படையில் இருக்கும் மகள் போனில் சொன்னதிலிருந்து தையல்காரர் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து வருகிறாள். இருந்தும் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் துணி காயப்போட்டாலே குடும்பக் குரூப்பில் படம் போடுகிறவள்.

"பொண்ணு ஏதாவது பேசினாளா?" என்று அவள் தினமும் கேட்டாள்.

"இல்லையே" என்று அவரும் கூசாமல் புளுகினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போவதாகக் கிளம்பினாள்.

"மதியத்துக்குள்ள வந்துடு" என்றார். அதற்கு மேல் சொல்ல முடியாமல் தவித்தார்.

மதியம் மகள் கடற்படை வண்டியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். "அம்மா எங்கப்பா?"

அவர் மனைவிக்குப் போன் போட்டார். "உடனே வா. பொண்ணு வந்திருக்கா!"

"வீட்டுக்கே வந்துட்டாளா? நான் துறைமுக வாசல்ல நிக்கறேங்க! முதல் ஆளா பாத்துடலாம்னு வந்தேன். என்கிட்ட திங்கக்கிழமையே சொல்லிட்டா. உங்களுக்குத் தெரிஞ்சா கடைக்கு வர்றவங்க காதுல எல்லாம் ஓதிடுவீங்கன்னுதான் மறைச்சேன்."

"அங்க யாரையாவது கேட்டிருக்கலாமே?"

"காலையிலேர்ந்து கேக்கறேன். கப்பல் வந்துச்சா இல்லையான்னே சொல்ல மாட்டேங்கறாங்க. ரகசியமாம்!"