ஒற்றைப் பட்டன் பொருத்தம்

ஜாதகம் பார்ப்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். இப்போது பையனும் பெண்ணும் தனித்தனியாக உட்கார்ந்து, செவ்வாயில் குடியேறும் ஒரு ஜோடியின் கதையை வீடியோ கேமில் ஆடி முடிக்க வேண்டும். பொருத்தத்தைக் கேமே சொல்லிவிடும்.

இளம்பரிதிக்கும் தாரகைக்கும் பொருத்தம் பிரமாதம் என்று வந்திருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், கையில் பஜ்ஜியோடு அவன் உண்மையைப் போட்டு உடைத்தான்.

“கதை பரவாயில்லைங்க. ஆனா ஆடறதுக்கு ஒண்ணுமே இல்ல. கேம்ல வர்ற அந்தப் பொண்ணு பின்னாடியே நடக்கணும். அவ பேசி முடிச்சதும் ‘சரி’ங்கற பட்டனை அமுக்கணும். அவ ஏதாவது கேள்வி கேட்டா கேம் அப்படியே உறைஞ்சு நின்னுடுது.”

சம்பந்தம் போயிற்று என்று அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

தாரகை நிமிர்ந்தாள். “எனக்கும் அதே கதிதான். என் கேம்ல வர்ற பையன் ஆக்ஸிஜன் மெஷினைப் பத்தி விளக்கிக்கிட்டே இருப்பான். எனக்குக் குடுத்த பட்டன் ‘அப்படியா’.”

பேச்சை மாற்ற, தாரகையின் அப்பா மொட்டைமாடி சோலார் பேனலைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.

“அப்படியா,” என்றாள், வருஷக்கணக்காக அதைக் கேட்டுவரும் அவர் மனைவி. “ஏங்க, காபிக்குப் பால் வாங்கிட்டு வரச் சொன்னேனே, வாங்கினீங்களா?”

அவர் திறந்த வாயோடு உறைந்து நின்றார்.

இளம்பரிதி அவர் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான்: “பட்டனை அமுக்குங்க மாமா.”