சிப்பாய் வேஷம்

ஈராக்கில் குர்துகள் ஊரான சம்சமாலில் எடுக்கும் குர்துப் படத்தில், சதாம் காலத்துச் சிப்பாயாக நடிக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. டீக்கடை பெஸ்தூன் மட்டும் தலையாட்டினார். அன்றிலிருந்து கடையில் ஈதான் டீ குடித்தது. பக்கத்து வீட்டு கெலாவேஷுக்கு இதைக் கேட்காமல் சோறு இறங்கவில்லை.

"ஏண்ணே, நம்ம சனத்த லாரியில கொண்டுபோய்ப் புதைச்சவன் உடுப்பா ஒங்களுக்கு? மீசை வேற கத்தரிச்சாச்சு."

"நல்லாருக்கா?"

"கண்றாவியா இருக்கு. கடையே போகுது, அப்படியென்ன நடிப்பு ஆசை?"

"புதைக்கிறவன் இல்லம்மா. யாரும் பாக்காதப்ப ஒரு பொடியன லாரியிலேருந்து எறக்கி, 'ஓடு'ன்னு சொன்ன சிப்பாய்."

"அப்படி ஒருத்தன் இருந்தானாக்கும். எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

பெஸ்தூன் கெட்டிலை இறக்கி வைத்தார்.

"நான்தான். அந்தச் சிப்பாய் பேரக்கூடக் கேக்காம ஓடியாந்துட்டேன்."