பத்ரிநாத் வண்டி

"ஏனுங்க, இத்தனை நல்ல வண்டியை எதுக்குங்க விக்கறீங்க?" என்று கேட்டார் அர்த்தநாரி.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் மாறி மாறி உடும்பஞ்சோலைக்கு வந்து இறங்கியிருந்தார் அவர். நெல்லியாம்பதிப் பக்கம் புதிதாக ஒரு தோட்டம் வாங்கியிருந்தார். மலை ஏறுகிற வண்டி ஒன்று தேவைப்பட்டது.

"கண்ணுதான் காரணம் அண்ணாச்சி," என்றார் சின்னமுத்து. "கம்பம்மெட்டுல வெல்டிங் பட்டறை வச்சிருந்தேன். பொறி தெறிச்சு ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொன்னும் கொஞ்சம் மங்கல்தான். இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னு மதுரை டாக்டரு சொல்லிட்டாரு."

வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் பிக்கப். ஏலத்தில் எடுத்தபோது வெறும் கூடாக இருந்தது. பின்பக்கத்தை நீட்டி, தார்ப்பாய்க் கூரை போட்டு, இரண்டு பேர் படுக்கிற மாதிரி பலகைக் கட்டில் அடித்திருந்தார் சின்னமுத்து. கட்டிலுக்கு அடியில் ஸ்டவ் வைக்க ஒரு பெட்டி. பெட்ரோலுக்கு இன்னொரு டாங்க். பக்கவாட்டில் தண்ணீர் டின்கள். மனைவி மூக்கம்மாளை ஏற்றிக்கொண்டு பத்ரிநாத் வரைக்கும் ரோட்டிலேயே போய் வருவது என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே அதைப் பத்ரிநாத் வண்டி என்றுதான் கூப்பிட்டது. கிளம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் கண் போனது.

மூக்கம்மாள் பாலில்லாத கட்டன் காப்பியோடு வந்தாள்.

"வாங்குறதுன்னா வாங்குங்கண்ணே. ஆனா எறக்கத்துல ரெண்டாவது கியரு தானா வெளிய வந்துரும். அதையும் பாத்துக்கங்க."

சின்னமுத்து திரும்பினார். "ஏ, அது எப்பவோ. சரி பண்ணியாச்சுல்ல."

"ஹேண்ட் பிரேக்கும் நிக்காது. பெட்ரோல் இன்னைக்கு விக்கிற விலையில, இது குடிக்கிற குடிக்கு உங்க தோட்டத்து வருமானம் பத்தாது."

"அம்மிணிக்கு வண்டி வெவரமெல்லாம் நல்லாத் தெரியுமாட்ட இருக்குதுங்க," என்றார் அர்த்தநாரி.

"எங்கூட வாழ்ந்து, கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளிச்சுப்போச்சு," என்று சின்னமுத்து சமாளித்தார். உள்ளுக்குள் எரிச்சலாக வந்தது. போன மாதம் கம்பத்திலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரியையும், அதற்குப் பிறகு வந்த சின்னக்கானல் எஸ்டேட் கிளார்க்கையும் அவள் இப்படியே பேசித்தான் கிளப்பிவிட்டிருந்தாள்.

அர்த்தநாரி வண்டியைச் சுற்றி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கட்டிலு, பொட்டியெல்லாம் பிச்சு எறிஞ்சு போட்டா எரு மூட்டை நல்லா ஏத்தலாமுங்க."

சின்னமுத்து கட்டில் பலகையில் இல்லாத தூசியைத் துடைத்துவிட்டார்.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறனுங்க."

"தாராளமா."

"நானும் வாறேன்," என்றாள் மூக்கம்மாள்.

"அப்ப இருங்க, வீட்டைப் பூட்டிட்டு வாறேன்," என்றார் சின்னமுத்து.

அர்த்தநாரி ஓட்டினார். பக்கத்தில் சின்னமுத்து. பின்னால் ஏறிக்கொண்டாள் மூக்கம்மாள். ஏலத்தோட்டத்துக்குள் போகிற பாதையில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. முதல் மேட்டில், மழையில் ஊறிக் கிடந்த மண்ணில் பின்சக்கரங்கள் இறங்கின. அர்த்தநாரி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சேறு வாரி இறைத்ததே தவிர வண்டி அசையவில்லை.

"நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னீங்களே?"

"அந்தச் சின்ன லிவரைப் போடுங்க அண்ணாச்சி, இழுக்கும்."

"அதைத் தொட்டா கியர் பொட்டியே கழண்டு போயிரும்னு அம்மிணி சொன்னாங்களேங்க. நீங்க கதவைப் பூட்டிட்டு இருந்தப்ப."

சின்னமுத்து மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மூக்கம்மாள் ஏலச்செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அர்த்தநாரிக்குச் சிரிப்பும் வந்தது, அலுப்பும் வந்தது. கீழே இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் மொதல்ல ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு இது தோதுப்படாதுங்க. நான் பஸ்ஸைப் பிடிக்கறேன்."

அவர் வளைவில் மறைந்ததும் மூக்கம்மாள் பின்னாலிருந்து இறங்கி வந்தாள்.

"பிடிக்கலைன்னா ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாம்ல மூக்கம்மா." சின்னமுத்துவின் குரல் இறங்கியிருந்தது. "தெனமும் இது வாசல்ல நிக்கிறதைப் பாக்க எனக்கு முடியல. வித்துட்டா மறந்துருவேன்னு நெனச்சேன். வர்ற ஆளையெல்லாம் வெரட்டி விடுற. அப்படி என்ன கோவம் உனக்கு இது மேல?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரம் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

"அதைப் பாத்து நீ என்ன செய்யப்போற? எஸ்டேட் ஜீப் ஓட்டுற சகாயத்தைக் கூட்டியாறேன். அவன் வந்தாத்தான் இதை எடுக்க முடியும்," என்று சின்னமுத்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"காலை உள்ள எடுங்க. சகாயம் அண்ணன் வர வேணாம். ஏலக்காய் எடுக்கப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுப் போயி, இத்தன மாசமா அவருகிட்டக் கத்துக்கிட்டது போதும்," என்றபடி மூக்கம்மாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்தச் சின்ன லிவரை இழுத்துப் போட்டாள். நாலு சக்கரமும் ஒருசேர மண்ணைப் பிடிக்க, வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியபோது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "சொல்லுங்க, பத்ரிநாத்துக்கு எந்த மாசம் கெளம்பணும்?"