இரண்டாவது தாள்

இரண்டாவது தாளை மேசைமேல் வைத்துவிட்டு அந்த ஆள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

எனோபொங்குக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. டெர்சூ அப்பா.

அப்பா என்றால் பெற்ற அப்பா இல்லை. பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்துக்கு யார் தலைவரோ அவரை எல்லாரும் அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும், மீசை சரியாக முளைக்காத இருபத்திரண்டு வயசுக்காரராக இருந்தாலும். அவருக்குச் சோறு எடுத்து வைக்கவும், அவர் திட்டினால் அழவும் நூறு பிள்ளைகள் உண்டு.

அந்த அப்பா இப்போது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில், வாக்குச்சாவடி அதிகாரியான அவள்முன் வந்து நிற்கிறார்.

முதல் தாள் அவள் எழுதியது, ஆளுநர் தேர்தலில் அந்தச் சாவடியின் முடிவு. ஒவ்வொரு சீட்டாக அவள் தூக்கிக் காட்டக் காட்ட, வாசலில் கூடிய ஊர்ச் சனம் கூடவே சத்தம் போட்டு எண்ணியது. ஒருவருக்கு இருநூற்று அறுபத்தேழு. மற்றவருக்கு முப்பத்தொன்று. எண்ணி முடித்தபோது அவள் மனசு சோர்ந்துதான் போனது. ஆனாலும் வந்ததை வந்தபடி எழுதினாள்.

இரண்டாவது தாள் யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதியது. மடித்து வைத்ததில் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. இரண்டு கட்சி முகவர்களும் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே பைக்கில் கிளம்பியிருந்தார்கள். போலீஸ்காரர் வேப்பமரத்தடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்புவதாக இல்லை. பாக்கி அவள் கையெழுத்தும் முத்திரையும்தான்.

"ஒரே ஒரு கையெழுத்து, சிஸ்டர். வெயில் சாயறதுக்குள்ள நீயும் ஊர் போய்ச் சேரலாம்."

எனோ தாளைத் தொடவில்லை. பயம் இல்லாமல் இல்லை. படிப்பு முடிந்த கையோடு அவளைப்போலவே காக்கிச் சீருடையில் ஒரு வருஷக் கட்டாய தேச சேவைக்கு வந்து, தேர்தல் வேலையில் மாட்டி, சவப்பெட்டியில் வீடு திரும்பிய பிள்ளைகளின் கதை அவளுக்கும் தெரியும்.

ஆனால் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம்.

ஐக்கியத்தின் வழியனுப்பு ஆராதனைக்குப் பழைய அப்பா ஒருவரைக் கூப்பிடுவது வழக்கம். அவள் வருஷத்துக்கு அபிஷேக எண்ணெய்க் குப்பியோடு ஆசீர்வதிக்க வந்து நின்றவர் இதே டெர்சூதான். படிப்பு முடித்துப் போகிற ஒவ்வொருவரும் முன்னால் போய், தேசத்தை மாற்ற நான் எந்த வாசலுக்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். நீதிமன்றம் என்றான் ஒருவன். சுங்கம் என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சுங்கத்தில் போய் எவன் யோக்கியனாக இருந்திருக்கிறான் என்று. எனோவுக்கு எந்த வாசலும் தோன்றவில்லை. எங்கே போட்டாலும் பொய்த் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள்.

அப்பா அரைக்குப்பி எண்ணெயை அவள் தலையில் கவிழ்த்துவிட்டார். சட்டையில் இறங்கிய கறை மூன்று துவைப்புக்கும் போகவில்லை.

பதவியில் இருக்கிற ஆளுநரின் கட்சிக்காரர்கள் இவரையும் வாங்கிவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

"உங்கள எவ்வளவு குடுத்து வாங்குனாங்கப்பா? ஆட்டு வெலையா, மாட்டு வெலையா?"

டெர்சூ கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. மடித்திருந்த தாளை விரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"என்னை யாரும்மா வாங்குறது? மொதல்ல பேரைப் படி."

படித்தாள்.

இரண்டு என்ற ஒரே எண்தான் இடம் மாறியிருந்தது. இருநூற்று அறுபத்தேழு, வெறும் அறுபத்தேழாகியிருந்தது. முப்பத்தொன்று, இருநூற்று முப்பத்தொன்றாகியிருந்தது.

கூடியிருந்த எண்ணுக்கு நேரே இருந்த பெயர், சகோதரர் ஓர்டேசே.

அதே ஐக்கியத்தில் முழங்காலில் நின்று வளர்ந்தவர். அங்கிருந்து ஆளுநர் பதவிக்குப் போட்டியிடும் முதல் ஆள். அரசாங்கக் காசில் ஒரு வாய்த் தேநீர் குடிக்காத மனுஷன் என்று எதிரியும் சொல்வான். அவர் ஜெயிக்க வேண்டுமென்று ஐக்கியம் முழுக்க இருபத்தோரு நாள் உபவாசம். இன்றைக்குத்தான் கடைசி நாள். காலையிலிருந்து எனோ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆளுநர் ஆட்கள் துப்பாக்கியையே நீட்டியிருந்தாலும் மாட்டேன் என்றிருப்பாள். இப்போது அந்தப் பெயரையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

"பக்கத்து ஊர்ல எல்லாம் அவங்க இதத்தான் பண்றாங்க. நாம மட்டும் கையைக் கட்டிட்டு நிக்கணுமா? ஜெபத்துக்குப் பதில் வர்ற நேரத்துல நீ குறுக்க நிக்கப் போறியா, சிஸ்டர்?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அதுதான் கொடுமை.

எனோ பேனாவை எடுத்தாள். அந்த இரண்டாவது தாளில் தன் பெயரை எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், முத்திரை குத்தினாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதைப் பிறகு பல வருஷம் நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

முடிவை வாசலில் நின்று உரக்க வாசிக்க வேண்டும் என்பது சட்டம். வாசித்தாள்.

கல் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கூடவே எண்ணிய சனம்தான். கணக்கு அத்தனை பேருக்கும் தெரியும். வழக்கமாக நடப்பதுதானே என்பதுபோல அவரவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. கழுத்தில் அளவுநாடா தொங்கும் தையல்காரர். ஓர்டேசேக்கு ஓட்டுப் போட்ட அந்த முப்பத்தோரு பேரில் ஒருவர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சாவு வீட்டில் விசாரிப்பதுபோல மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்போ, இவரும் அப்படித்தானா மகளே?"

எனோ திரும்பிக்கொண்டு, தாளைச் சுவரில் ஒட்டப் பசை தேடினாள்.